வாகு மாறிய சிவப்பு

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து பிறந்தது. சரியாகச் சொன்னால், செருப்புக்குள் இருந்த காலிலிருந்து.

போன மாதம் என் அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தாள். வீட்டிலேயே உட்காரவைத்தால் என் சமையலறை அலமாரிகளை எல்லாம் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிவிடுவாள் என்று பயந்துபோய், ஊர் சுற்றிக்காட்டும் பேருந்தில் இருவருக்கும் சீட்டு எடுத்தேன். மேல்தளம் கூரையில்லாமல் திறந்திருக்குமே, அந்தப் பேருந்து. இத்தனை காலம் இந்த நகரத்தில் குப்பை கொட்டியும் நான் அதில் ஏறியதில்லை. உள்ளூர்க்காரர்கள் அதில் ஏறுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

எங்களுக்கு ஒரு வரிசை முன்னால், நடைவழிக்கு அந்தப் பக்கம், ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மனிதரின் வலது கால் என் கண்ணுக்கு நேராக இருந்தது. வண்டி சிக்னலை நெருங்கினால் அந்தக் கால் தரையை அழுத்தும். யாராவது குறுக்கே ஓடினால் அழுத்தும். வண்டி கிளம்பியதும் மெதுவாக விடும்.

“டிரைவர்,” என்றாள் அக்கா என் காதோடு. “எங்க வீட்டுக்காரரும் பக்கத்து சீட்ல உக்காந்தா இப்படித்தான், காரே அவர் காலாலதான் நிக்குதுன்னு நினைப்பு.”

அதுவரைக்கும் சிரிப்புதான். பிறகு ஓர் அகலமான சாலை வந்தது. சிக்னல் இல்லை. முன்னால் வண்டி இல்லை. ஒரு பூனைகூடக் குறுக்கே வரவில்லை. வலது பக்கம் தூண்கள் வைத்த பெரிய நாடக அரங்கு மட்டும் தெரிந்தது. அந்தக் கால் தரையை அழுத்தியது. குதிகால் செருப்பை விட்டு எழும்பும் அளவுக்கு அழுத்தியது. வண்டி அரங்கின் வாசலில் போய் நிற்கும்வரை எடுக்கவே இல்லை.

எதற்கு?

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எல்லோரும் இறங்கினோம், அவர்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் “கால் மரத்துப் போச்சுங்க” என்று சொல்லியிருப்பார், நானும் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். கேட்காததால் எழுத வேண்டியதாயிற்று. இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“மாநகரம் தன் ஆயிரம் கண்களைத் திறந்து, காலை வெயிலை…”

அடித்துவிட்டேன். ஊருக்கு ஆயிரம் கண் என்றால் கண் மருத்துவருக்குத்தான் கொண்டாட்டம்.

இரண்டாவது:

“பல வருடங்களுக்கு முன் நடந்த அந்த விபத்துக்குப் பிறகு அவர்…”

இதையும் நிறுத்தினேன். ஓட்டுநர் என்றதும் ஒரு விபத்தைத் தூக்கி அவர் மடியில் வைப்பது எங்களைப் போன்றவர்களின் சோம்பேறித்தனம். அந்தக் கால் எவ்வளவு அக்கறையாக அழுத்தியது என்று நான் கண்ணால் பார்த்தேன். அது யாரையும் இடித்த கால் இல்லை. அப்படி எழுதினால் எனக்கே பாவம்.

மூன்றாவது தொடக்கத்தில் அந்த மனைவியைக் கண்ணாடி முன் நிறுத்தி வர்ணித்தேன். அக்கா படித்துவிட்டு, “ஏண்டி, கதையில வர்ற பொம்பளைங்களுக்குக் கண்ணாடி முன்னாடி நிக்கிறதைத் தவிர வேற வேலையே இல்லையா?” என்றாள். நியாயமான கேள்வி. அந்தம்மாவுக்கு என்ன வேலை?

யோசித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. பேருந்தில் ஊரே தலையை நிமிர்த்திக் கோபுரக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் குனிந்து தன் இருக்கை உறையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

தையல்காரர். வேறு யார் அப்படிப் பார்ப்பார்கள்? சரி, இனி அவர் தையல்காரம்மா, இவர் டிரைவர். கதை அந்தம்மாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரட்டும்.

3

ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் டிரைவர் வீட்டை விட்டு நகர மாட்டார். வாரமெல்லாம் நகரப் பேருந்தை ஓட்டுகிறவருக்கு உட்கார்ந்த நாற்காலியே சொர்க்கம். அப்படிப்பட்டவர் காலையிலேயே சவரம் செய்து, தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு, “கிளம்பு, ஊரைச் சுத்திப் பாத்துட்டு வருவோம்,” என்றார்.

தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் தவறிப்போனது.

“எந்த ஊரை?”

“இந்த ஊரைத்தான்.”

“இந்த ஊரைத்தான் நீங்க தினம் பாக்கிறீங்களே.”

“நான் எங்க பாத்தேன்? நான் ரோட்டைப் பாத்தேன்.”

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாண நாள் இல்லை, பிறந்த நாள் இல்லை. மனிதர் முகம் கொடுக்காமல் செருப்பைத் தேடினார். காலில்தான் போட்டிருந்தார்.

“என்ன விசேஷம்?”

“ஒண்ணும் இல்ல. டிக்கெட் எடுத்துட்டேன். வீணாப் போயிடும்.”

(இந்த இடத்தில் அக்கா எழுதிய குறிப்பு: “புருஷன் திடீர்னு ஊர் சுத்தக் கூப்பிட்டா பொண்டாட்டிக்குச் சந்தேகம் வராதா?” வரும். வந்தது. ஆனாலும் தையல்காரம்மா கிளம்பினார். அதற்குக் காரணம் அடுத்த பகுதியில். பொறுங்கள், நானும் ஒரே ஆள்தானே எழுதுகிறேன்.)

4

தையல்காரம்மா வேலை செய்வது திரைச்சீலைப் பட்டறையில். நீள நீளமான மேஜைகள், இயந்திர எண்ணெய் வாசனை, மூக்கில் ஏறும் பஞ்சு. வீட்டு ஜன்னல், ஓட்டல் ஜன்னல், ஆஸ்பத்திரி மறைப்பு எல்லாம் அங்கே தைப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் நாடக அரங்கிலிருந்து மேடைத் திரைக்குச் சொல்லியனுப்பினார்கள். சிவப்பு வெல்வெட். பட்டறையில் அவர் கைதான் தேர்ந்த கை என்பதால் வேலை அவரிடம் வந்தது.

வெல்வெட்டுக்கு ஒரு வாகு உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் பூனை முதுகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் முறைத்துக்கொள்ளும். திரைக்கு எத்தனை துண்டு வைத்தாலும் எல்லாவற்றின் வாகும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒரு துண்டு தலைகீழாகிவிட்டால், ஒரே சாயத்தில் நனைந்த துணிதான், ஆனாலும் அது மட்டும் வேறு சிவப்பாகத் தெரியும். நேர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. ஓரத்தில் போய் உட்கார்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு துண்டையும் வெட்டியதும் பின்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அம்பு போட்டுவிடுவார். கடைசித் துண்டு மேஜைக்கு வந்தபோது அம்பு அழிந்திருந்தது. தடவிப் பார்த்தார். நாள் முழுக்க வெல்வெட்டைத் தடவித் தடவிக் கை மரத்துப் போயிருந்தது. கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். இப்படித்தான் என்று முடிவு செய்து தைத்தார். உள்துணி வைத்து மூடினார். மறுநாள் காலையில் லாரி வந்து எடுத்துக்கொண்டு போனது. லாரி தெருமுனை திரும்பிய அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தோன்றியது: இப்படித்தானா?

நான் முதலில் எழுதியது, “அன்றிலிருந்து அவர் உள்ளங்கையில் ஒரு கேள்வி துடித்துக்கொண்டே இருந்தது.” அக்கா: “உள்ளங்கை துடிச்சா டாக்டர்கிட்ட போகச் சொல்லு.” அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் கைக்கு எது அகப்பட்டாலும் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். போர்வையை, கால்மிதியை, ஒரு நாள் டிரைவரின் தலையை.

“என் தலையில வாகு சரியா இருக்கா?” என்று டிரைவர் கேட்டார்.

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு.”

அரங்கிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. வரவில்லை என்பதுதான் அவரைப் படுத்தியது. யாருக்கும் தெரியாத தப்பா, தப்பே இல்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது? போன வாரம் அரங்கிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. மாடிப் பக்கத் திரைகளையும் மாற்றப்போகிறார்களாம், அதே கை தைத்தால் நல்லதாம். பட்டறை முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்து, “இந்தத் தடவை வெட்டுறது, தைக்கிறது, மேற்பார்வை எல்லாம் நீங்கதாம்மா,” என்றார்.

“திங்கக்கிழமை சொல்றேன்,” என்றார் தையல்காரம்மா.

வீட்டுக்கு வந்து டிரைவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். “கை ஏமாத்திடுச்சுன்னா அப்புறம் அதை எப்படி நம்புறது? அந்தத் துண்டு தலைகீழா இருந்தா நான் கத்தரியைத் தொடறதா இல்ல.”

டிரைவர் “ம்” என்றார். அவருடைய “ம்” எப்போதும் அப்படித்தான், அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா என்னைத் திருப்பிக் கேட்டாள்: “உனக்குக் கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு எவ்வளவு நாளா சொல்ற? போய்க் காட்டினியா?” காட்டவில்லை. காட்டினால் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்களே.

நாளை திங்கள்கிழமை. வீட்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பதற்கு ஊர் சுற்றலாம் என்று அவர் கிளம்பினார்.

5

(இந்தப் பகுதியில் கணவன் மனைவிக்கு ஒரு சண்டை வைத்திருந்தேன். கதை என்றால் சண்டை வேண்டும் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் இருவரும் சண்டை போட மாட்டேன் என்கிறார்கள். வெயில் நன்றாக இருந்தது, காற்று நன்றாக இருந்தது, கூரையில்லாத பேருந்து. நான் என்ன செய்ய?)

வழிகாட்டிப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கையில் மைக், தோளில் வெந்நீர் குடுவை. அந்தக் கரகரத்த குரலிலும் ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. “வலது பக்கம் பாருங்க, இந்தப் பாலத்தைக் கட்டினப்போ இது நிக்காதுன்னு பந்தயம் கட்டினாங்களாம். பந்தயம் கட்டினவங்க யாரும் இப்ப இல்லை, பாலம் இருக்கு.” தினமும் சொல்கிற நகைச்சுவைதான். ஆனாலும் முதல் தடவை சொல்வதுபோல் சொல்லிவிட்டு, தானே கொஞ்சம் சிரித்தாள். தையல்காரம்மாவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

பாலம் முழுக்க இரும்பு, ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவலில் போனது. அடியில் படகுகள். டிரைவர் பாலத்தைப் பார்க்கவில்லை. கீழே ஓட்டுகிறவர் வண்டியைத் திருப்புவதைக் கவனித்தார்.

“என்ன திருப்புத் திருப்பினான் பாத்தியா? இந்த நீள வண்டியை அந்த முனையில திருப்பறது சாதாரண விஷயம் இல்ல. மேல உக்காந்திருக்கிறவங்க தலை ஒண்ணுகூட ஆடல. கைகாரன்.”

“கீழ போய் மாலை போடுங்க.”

“போடலாம், தப்பே இல்ல.”

ரயில் நிலையம் வந்தது. கண்ணாடிக் கூரை, அதற்கு மேல் வானம், அதில் புறாக்கள். டிரைவருக்கு அது “பெட்டி தூக்கிட்டு ஏறி வாசலை அடைக்கிறவங்க ஸ்டாப்பு.” அருங்காட்சியகம் “ஸ்கூல் பசங்க ஸ்டாப்பு.” பெரிய மருத்துவமனை “நர்ஸுங்க ஸ்டாப்பு. காலையில ஏறினதும் தூங்கிடுவாங்க. இறங்கற இடம் வந்தா நான்தான் ஹாரன் அடிச்சு எழுப்புவேன்.” தன் ஊரை முதல்முறையாகத் தலைநிமிர்ந்து பார்க்கிறார் மனிதர். தினமும் தான் நின்று போகிற வாசலுக்கு மேல் இத்தனை மாடி, இத்தனை சிற்பம் இருக்கிறதா என்று வாயைப் பிளந்தார். “இவ்வளவு அழகையும் வெச்சுக்கிட்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே,” என்றார், யாரோ வேண்டுமென்றே மறைத்ததுபோல.

தையல்காரம்மா ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்த வீட்டில் திரை நீளம் போதவில்லை, எந்த ஓட்டலில் மடிப்பு சீராக விழுகிறது, எல்லாம் அவர் கண்ணில் பட்டது. ஓர் அலுவலகத்தின் உச்சியில் கொடி பறந்தது. “அந்தக் கொடிக்கு ஓரம் அடிச்சிருக்கிறதைப் பாருங்க,” என்றார். “இவ்வளவு காத்துல ஒரு நூல் பிரியல. யாரோ பொறுமைசாலி.”

கடிகாரக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே கம்பி வேலி, அதற்கப்பால் ஊர். கூரைக்குப் பின் கூரை, சாலைக்குப் பின் சாலை, கண்ணுக்கு எட்டிய தூரம் ஜன்னல்கள். எல்லோரும் கைபேசியை நீட்டினார்கள். தையல்காரம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“எத்தனை ஜன்னல்,” என்றார். “இத்தனைக்கும் யாருங்க தைக்கிறது?”

“யாராவது தைக்கிறாங்க. யாராவது ஓட்டுறாங்க,” என்றார் டிரைவர்.

நான் இந்த ஊரில் இத்தனை காலம் இருந்து, இதைப் பற்றி எவ்வளவோ எழுதியும் இருக்கிறேன். பெரும்பாலும் திட்டித்தான். நெரிசல், புகை, வாடகை. அந்தக் கோபுரத்தின் மேல் நானும்தான் நின்றேன், அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. இவர்களைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

(இந்தப் பகுதி முதலில் மூன்றாவதாக இருந்தது. பிரித்தெடுத்து இங்கே ஒட்டியிருக்கிறேன். ஒட்டுத் தெரிந்தால் வெளியே சொல்லாதீர்கள்.)

6

பேருந்து மறுபடி கிளம்பியது. வழிகாட்டிப் பெண் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மைக்கைத் தட்டினாள்.

“அடுத்து நம்ம நாடக அரங்கு. நம்ம டிக்கெட்டுக்கு உள்ள போய்ப் பாக்கலாம். இந்த வருஷம் மேடைக்குப் புதுத் திரை போட்டிருக்காங்க. அதை இறக்கி வெச்சிருக்காங்க, வந்து பாருங்க, கண்ணுக்குள்ளயே நிக்கும்.”

தையல்காரம்மாவின் கை இருக்கை உறையில் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். சவரம், இஸ்திரி, டிக்கெட் வீணாகிவிடும் என்ற பேச்சு, எல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல் வந்து சேர்ந்தது.

“இதுக்குத்தானா?”

டிரைவர் நேராகப் பார்த்தபடி இருந்தார். அகலமான சாலை. சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் இல்லை. அவர் வலது கால் தரையை அழுத்தியது. குதிகால் எழும்பியது.

நான் பார்த்த கால் இதுதான். இந்த அழுத்தத்துக்குத்தான் காரணம் தேடி இவ்வளவு தூரம் வந்தேன். கூட்டிக்கொண்டு வந்ததும் அவரே, கடைசி நிமிடத்தில் வண்டியை நிறுத்தப் பார்த்ததும் அவரே. காலையிலிருந்து இருந்த தைரியம் அரங்கின் தூண்களைக் கண்டதும் போய்விட்டது. ஒரு மனுஷன் பொண்டாட்டிக்கு நல்லது செய்யலாம் என்று கிளம்பி, நல்லதுதானா என்று பாதி வழியில் பயந்தால், கால் வேறென்ன செய்யும்?

தையல்காரம்மா அந்தக் காலைப் பார்த்தார். அதில் லேசாகத் தன் காலால் தட்டினார்.

“விடுங்க. அவர் நல்லா ஓட்டுறாரு.”

7

அரங்கின் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பழைய மரத்தின் வாசனை. மாடிமாடியாக இருக்கைகள், கூரையில் பொன்னிறப் பூவேலை, நடுவே கொத்துக்கொத்தாக விளக்குகள். வந்தவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எதிரே, மேடையை முழுக்க மூடியபடி, திரை.

தையல்காரம்மா அதைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறார். மேஜையில் மடிந்து கிடந்த துணி, மடியில் கனத்த துணி, ஊசியை முறித்த துணி. உயரத்திலிருந்து தரை வரைக்கும் முழுசாகத் தொங்கி அவர் பார்த்ததே இல்லை. மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, கீழ்விளிம்பு மேடையை நூல் பிடித்ததுபோல் தொட்டுக்கொண்டு நின்றது.

“யம்மா,” என்றாள் பக்கத்தில் யாரோ ஒரு பெண்.

அவர் நடு வரிசையில், நட்ட நடு இருக்கையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து எல்லாம் ஒரே சிவப்பு. அங்கிருந்து பார்த்தால் தெரியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே உட்கார்ந்தார். கடைசித் துண்டு வலது ஓரத்தில் இருந்தது. இடது பக்கக் கடைசி இருக்கைக்குப் போனால் போதும். எழுந்திருக்க முடியவில்லை.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார்.

“நான் பாத்துட்டேன்,” என்றார்.

“எதை?”

“அந்தத் துண்டை. போன மாசம் லேட் டியூட்டின்னு சொன்னேனே ஒரு நாள். டியூட்டி இல்ல. இங்க வந்தேன்.”

“இங்கயா? நாடகம் பாக்கவா? நீங்களா?”

“நாடகத்தை யாரு பாத்தா? ஓரத்து சீட்டா கேட்டு வாங்கிட்டு உக்காந்தேன். திரையைப் பாத்தேன். அது மேல போச்சு. நான் வெளிய வந்துட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“இடைவேளைக்கு மறுபடி இறங்கும்னு வாசல்ல நிக்கிறவர் சொன்னாரு. அதுவரைக்கும் வெளிய நின்னேன். உள்ள போய்ப் பாத்தேன். மேல போனதும் வந்துட்டேன். முடியறப்ப இன்னொரு தடவை இறங்கும்னாரு.”

“அதுக்கும் நின்னீங்களா?”

“வந்தது வந்தாச்சு.”

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று டிரைவருக்குப் புரியவில்லை. தையல்காரம்மாவுக்கே புரியவில்லை.

“என்ன கதைங்க அது?”

“ராஜா கதை மாதிரி இருந்துச்சு. திரை ஏறுறப்ப காலு மட்டும்தான் பாத்தேன். நல்ல செருப்பு.”

(அக்கா இந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. தாளில் டீ சிந்திய கறை மட்டும் இருந்தது.)

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நல்லா இருக்குன்னு சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு சொல்லுவ. நல்லா இல்லன்னு சொன்னா, துணியைப் பத்தி இவருக்கு என்ன தெரியும்னு சொல்லுவ. ஆனா எனக்குத் தெரியும். ஆறு மாசமா நம்ம வீட்டுல வெல்வெட்டைத் தவிர வேற பேச்சே இல்ல. என் தலையைக்கூட விடல நீ.” அவர் கையைப் பிசைந்துகொண்டார். “நீயே பாக்கணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியில எனக்கே பயமாப் போச்சு. வேண்டாம்னா எழுந்து போயிடலாம். இல்ல, நான் சொல்லட்டுமா?”

வழிகாட்டிப் பெண் அந்தப் பக்கம் கூரையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தையல்காரம்மா திரையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். ஒரு திரைக்காக மூன்று தடவை உள்ளே போய் மூன்று தடவை வெளியே வந்த மனிதர். அவர் முகத்தில் பதில் எழுதியிருக்கும், ஊன்றிப் பார்த்தால் படித்துவிடலாம். தையல்காரம்மா படிக்கவில்லை.

“சொல்லாதீங்க,” என்றார்.

எழுந்தார். வரிசையோடு இடது பக்கமாக நடந்தார். ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் தொட்டுக்கொண்டே போனார். அதுவும் வெல்வெட்தான்.

டிரைவரின் கால் கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

8

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கடைசித் துண்டு மற்ற துண்டுகளோடு ஒட்டி உறவாடி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் நிற்கிறது. மற்றதில் அது மட்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக, வேறு சிவப்பில் நிற்கிறது. முதல் முடிவை எழுதிய அன்று நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது எழுதிய அன்றும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாகத்தான் சாப்பிட்டேன். எது உண்மை என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை என்று நினைத்தேன்.

இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றை இந்தக் கையிலும் ஒன்றை அந்தக் கையிலும் வைத்து, மாற்றி மாற்றிப் படித்தாள்.

“ஏண்டி, ரெண்டுலயும் அந்தம்மா ஒரே வார்த்தையைத்தானே சொல்லுது?”

பிடுங்கிப் பார்த்தேன். ஆமாம். நான் கவனிக்கவே இல்லை. இரண்டு தாளிலும் தையல்காரம்மா கடைசி இருக்கையில் போய் உட்காருகிறார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறார். திரையை ரொம்ப நேரம் பார்க்கிறார். பிறகு, திரும்பாமல், மெல்லக் கூப்பிடுகிறார். இரண்டிலும் டிரைவர் காலை எடுத்துவிட்டு எழுந்து போகிறார். இரண்டிலும் அவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்து, பேருந்து கிளம்பப் போகிறது என்று வழிகாட்டிப் பெண் வந்து சொல்லும்வரை அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வித்தியாசம் துணியில் மட்டும்தான். கூப்பிட்டதில் இல்லை.

இரண்டு தாளையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் அந்த அரங்குக்குப் போய், ஓரத்து இருக்கை கேட்டு வாங்கி, நானும் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குத் தெரியும். நான் சொன்னால், சரியாக இருந்தது என்றால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பீர்கள். தப்பாக இருந்தது என்றால் துணியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்பீர்கள். அதனால் நான் டிரைவர் கட்சி.

நீங்கள் இவ்வளவு நேரமும் நட்ட நடு இருக்கையில் வாகாக உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள். எழுந்திருங்கள். வரிசையோடு இடது பக்கமாகப் போய், கடைசி இருக்கையில் உட்கார்ந்து, அந்தம்மா சொன்னதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலில் எப்படி வருகிறதோ, திங்கள்கிழமை அவர் முதலாளியிடம் அந்தக் குரலில்தான் பதில் சொல்வார்.

“என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க.”